பாடு வரும் முறை

மீஞ்சூர் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டி வந்து நின்றால் இப்போதெல்லாம் பெட்டிக்குள்ளிருந்து பாட்டு வருவதில்லை. ஆளுக்கொரு பாட்டு காதுக்குள் ஓட, எல்லோரும் செல்போனைப் பார்த்தபடியே இறங்கிப் போகிறார்கள். நாங்கள் ஏறி இறங்கிய 1980களில் அப்படி இல்லை. வண்டி திருவொற்றியூர் தாண்டியதும் எவனாவது ஒருவன் பெட்டியின் தகரத்தில் விரலால் தாளம் போடுவான், இன்னொருவன் எடுத்துக் கொடுப்பான், எண்ணூர் வருவதற்குள் ஒரு கானா பிறந்து வளர்ந்து காதலித்து ஏமாந்து செத்தும் போயிருக்கும். காலடியில் மீன்கூடை வைத்திருக்கும் அம்மாக்கள் முதலில் முகத்தைச் சுளிப்பார்கள், அத்திப்பட்டு வரும்போது பார்த்தால் அவர்கள் விரலும் கூடை விளிம்பில் தட்டிக்கொண்டிருக்கும். உங்களில் அந்த வண்டியில் வந்தவர்கள் இருந்தால், இதைப் படிக்கும்போதே உங்கள் விரல் எங்கேயாவது தட்டியிருக்கும்.

எனக்கு அப்போது இருபது வயது. பஜாரில் ஒரு மைக் செட் கடையில் கையாள். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஆடித் திருவிழா, கட்சிக் கூட்டம் எதுவானாலும் குழாய் இரண்டு, ஆம்பிளிபயர் ஒன்று, ரிகார்டுப் பெட்டி ஒன்று, கூடவே நான். மீஞ்சூரிலேயே வேலை என்றால் சைக்கிள் போதும். வடகாஞ்சி என்று பெரியவர்கள் சொல்லும் எங்கள் ஊரில் ஏகாம்பரநாதருக்கும் வரதராஜருக்கும் நடுவில் இருக்கும் தெருக்களில் எந்த வீட்டுக் கம்பத்திலிருந்து கரண்டு இழுக்கலாம் என்பது எனக்குக் கண்ணை மூடினால் தெரியும். ஆனால் மனசுக்குப் பிடித்த வேலை பழவேற்காட்டுக் குப்பங்களில்தான். பொன்னேரி போய், அங்கிருந்து பஸ்ஸில் ஏரிக்கரை, பிறகு தோணி. ஆம்பிளிபயரைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வேன், குழாய்கள் இரண்டும் தோணியின் மூக்கில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும், மார்கழி தை மாசமானால் தூரத்தில் பூநாரைகள் ஒரு வரிசையாக நிற்கும்.

குப்பத்தில் இறங்கியதும் முதல் வேலை பனைமரம் பார்ப்பது. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், நடுவில் மணல்திட்டு. குழாயைக் கடல் பக்கம் திருப்பினால் அலைச் சத்தம் பாட்டைத் தின்றுவிடும், ஏரிப் பக்கம் திருப்பினால் பாட்டு தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு அக்கரைக்குப் போகும். ராத்திரி வலை போட்டுக் காத்திருக்கும் ஆட்கள் மறுநாள் வந்து, "நேத்து நடுச்சாமத்துல சிவாஜி பாட்டு ஒண்ணு போட்டியே, அதெ இன்னொரு தபா போடுப்பா" என்பார்கள். மரத்திலிருந்து இறங்கி மைக்கைத் தட்டி "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" என்று நான் சொல்வது ஏரி தாண்டிப் போய்த் திரும்பி வரும்போது, உலகத்திலேயே பெரிய குரல் என்னுடையது என்று முழு மனசோடு நம்பினேன். அந்தப் பையனை இப்போது நினைத்தால் எனக்குப் பிரியமாகத்தான் இருக்கிறது. அவன் செய்த ஒரு காரியத்தைத் தவிர.

அதைச் சொல்வதற்கு முன்னால் ரிகார்டுப் பெட்டியைக் கொஞ்சம் திறந்து காட்ட வேண்டும். பழவேற்காட்டுப் பக்கம் போகிற மைக் செட்காரனுக்கு மூன்று விதமான ஆரம்பம் தெரிந்திருக்க வேண்டும். இந்து வீடு என்றால் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு, மாதா கோயில் தெரு என்றால் மாதா பாட்டு, முஸ்லிம் வீடு என்றால் நாகூர் ஹனிஃபா. போர்த்துகீசியர் வந்து மாதா கோயில் கட்டி, டச்சுக்காரர் 1613இல் கோட்டை கட்டி, எல்லோரும் கல்லறைகளை விட்டுவிட்டுப் போன அந்தச் சின்ன ஊரில், எந்த வீட்டுக்கு எந்த முதல் பாட்டு என்று தெரிந்திருந்தால் போதும், சாப்பாட்டுக்குக் குறை இருக்காது. ஆடி மாசம் வந்தால் எல்.ஆர். ஈஸ்வரி. சினிமாவில் அவருக்குப் பாட்டுக் குறைந்துபோன வருஷங்கள் அவை. எங்கள் குழாய்களுக்கு அது தெரியாது, ஆடி முழுக்க அம்மன் கோயில் அம்மன் கோயிலாக அவர் குரலைத்தான் கட்டிக்கொண்டு அலைந்தோம். 2011இல் 'ஒஸ்தி' படத்தில் எழுபது வயதுக்கு மேல் அவர் திரும்ப வந்து பாடியபோது பத்திரிகைகள் மறுவருகை என்று எழுதின. ஊசி மாற்றிய என் போன்றவர்களுக்கு அவர் எங்கும் போனதாகவே நினைவில்லை.

எங்கள் ஏரியில் 'பாடு' என்று ஒரு வழக்கம் உண்டு. பழவேற்காட்டைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏரியில் இறால் கிடைக்கும் இடங்கள் ஊருக்குப் பொது; ஆனால் எல்லோரும் ஒரே நாளில் போய் வலை போட முடியாது. அதனால் உரிமை உள்ளவர்கள் முறை வைத்துக்கொண்டு, எந்த நாள் எந்த இடம் யாருக்கு என்று பிரித்துக்கொள்வார்கள். "இன்னிக்கு எங்க பாடு" என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கு அவர் வீட்டு அடுப்புக்கு ஒரு தைரியம். பாடு உள்ள வீடு, பாடு இல்லாத வீடு என்று ஊர் இரண்டாக இருந்தது. பாடு இல்லாத வீட்டுப் பெண்கள் இடுப்பளவு, கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்து சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொள்ள வேண்டும். ஏரியில் ஆண்கள் வலை இழுக்கும்போது அம்பா பாடுவார்கள், அந்தப் பாட்டு இழுப்புக்கு உதவும். பறியைப் பல்லில் கவ்வியிருக்கும் பெண்ணுக்கு வேலை நேரத்தில் பாட்டு கிடையாது. கரைக்கு வந்து, பறியை இறக்கி, வாயைக் கொப்பளித்த பிறகுதான் அவர்கள் பாட முடியும்.

1986 வைகாசியில் அப்படிப் பாடு இல்லாத ஒரு வீட்டுக் கல்யாணம். கடன் வாங்கித்தான் மைக் செட் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் முன்பணம் முழுக்க நனைந்த ஒற்றை ரூபாய்த் தாள்களாக வந்தது. ராத்திரி பெண்ணுக்கு நலங்கு வைக்கும் நேரம். பெண்ணோட ஆயா, சேற்றில் தடவித் தடவி விரல் நுனியெல்லாம் வெடித்திருந்த கிழவி, என் பக்கத்தில் வந்து மணலில் குந்தினாள்.

"கண்ணு, அந்த மைக்கெ ஒரு நிமிசம் குடு. பேத்திக்கு நலங்கு பாடணும்."

கொடுத்திருக்கலாம். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். முதலாளி மீஞ்சூரில் இருந்தார். ஆனால் மைக் என்பது தலைவர்களும் வாத்தியார்களும் தொடுகிற சாமான் என்று எனக்கு ஒரு எண்ணம், அதைக் காவல் காக்க நான் இருக்கிறேன் என்று இன்னொரு எண்ணம்.

"மைக்கு கெட்டுப்பூடும் ஆயா. முதலாளி திட்டுவாரு."

ஆயா ஒன்றும் சொல்லவில்லை. நான் அடுத்த ரிகார்டை எடுத்து வைத்தேன். அந்த வருஷம் எல்லா வீட்டிலும் கேட்கப்பட்ட ரிகார்டு, 'ஆண்பாவம்'. 1985 கடைசியில் வந்த படம், பாண்டியராஜன் படம், இளையராஜா இசை. அதில் பாட்டியாக வந்து தன் சொந்தக் குரலில் பாடிய கொல்லங்குடி கருப்பாயியின் குரல் இரண்டு குழாய் வழியாகவும் ஏரி மேல் போயிற்று. பக்கத்திலேயே, குழாய்க்குக் கீழே, ஆயாவும் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வாயசைத்துப் பாடிக்கொண்டிருந்தாள். எனக்கு வாயசைவு மட்டும்தான் தெரிந்தது. பாட்டு முடிந்து ஊசி கடைசி வட்டத்தில் சுற்றத் தொடங்கியபோது ஆயா திரும்பி என்னைக் கேட்டாள்.

"இதெ பாடுனது ஒரு ஆயாதானே?"

"ஆமா ஆயா. கொல்லங்குடி கருப்பாயின்னு பேரு. சிவகங்கைப் பக்கம்."

"அவுங்க பாடுனா மைக்கு கெடலியா, கண்ணு?"

என்னைக் குத்திக் காட்டக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் நாற்பது வருஷமாக அந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது.

கருப்பாயி அந்தப் படம் வரும்போது அறுபதை நெருங்கியவர். அதற்கு முன்பே வானொலியில் நாட்டுப்புறப் பாட்டுகள் பாடியவர், அதற்கும் முன்பே வயல்காட்டிலும் வீட்டு வாசலிலும் பாடியவர். படிப்பு கிடையாது, எழுதி வைத்த பாட்டுப் புத்தகம் கிடையாது. அப்போதைக்கப்போது வார்த்தை வந்து விழும். 1993இல் கலைமாமணி விருது கொடுத்தார்கள். 2025 ஜூனில் 99 வயதில் இறந்துபோனார் என்று செய்தி பார்த்தேன். வயதான காலத்தில் கண்டெடுக்கப்பட்ட குரல் என்று அவரைப் பற்றி எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கும். கொல்லங்குடிக்காரர்களைக் கேட்டால் அந்தக் குரல் என்றைக்கு ஊரைவிட்டுக் காணாமல் போனது என்று திருப்பிக் கேட்பார்கள். அவருக்குப் பாடு வருவதற்கு ஐம்பத்துச் சொச்சம் வருஷம் ஆயிற்று, அவ்வளவுதான். முறை வைத்தவர்கள் நகரத்தில் இருந்தார்கள், மைக் என் மாதிரிப் பையன்கள் கையில் இருந்தது.

பிறகு ரிகார்டு போய் கேசட் வந்தது, கேசட் போய் சி.டி. வந்தது. ரிகார்டில் ஒரு சுகம் இருந்தது, ஊசியை வைத்ததும் பாட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் மழைத் தூறல் மாதிரி ஒரு சத்தம் வரும், கல்யாண வீட்டுக் குழந்தைகள் அந்தத் தூறலுக்கே ஓடி வந்து நிற்கும். கேசட்டில் அது இல்லை. ஆனால் கேசட்டில்தான் ஊர்க்குரல்கள் முதன்முதலாகக் கடைக்கு வந்தன, யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம் என்று ஆயிற்று, மதுரைப் பக்கத்துத் தெம்மாங்கும் சென்னைப் பக்கத்துக் கானாவும் பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. இழந்ததற்கு அழுவதா கிடைத்ததற்குச் சிரிப்பதா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

2003 பொங்கலுக்கு 'தூள்' வந்தது. வித்யாசாகர் இசையில், விக்ரம் சண்டை போடப் போட, பரவை முனியம்மா நின்றுகொண்டு பாடினாரே, அதைத் தியேட்டரில் பார்த்தபோது என் பக்கத்து இருக்கைக்காரர் விசிலடித்தார். நான் திரையில் அவர் கழுத்து நரம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏரிக்கரையில் பார்த்த அதே நரம்பு. மதுரைக்குப் பக்கத்துப் பரவை கிராமத்தில் காலமெல்லாம் பாடிய பெண்ணுக்கு அறுபதை ஒட்டிய வயதில் ஒரு சண்டைக் காட்சியில் பாடு வந்தது. மூன்று வருஷம் கழித்து, 2006இல், மிஷ்கினின் 'சித்திரம் பேசுதடி'. அதில் கானா உலகநாதன் வாளைமீனுக்கும் விலாங்குக்கும் கல்யாணம் செய்து வைத்தார். சென்னையில் வருஷக்கணக்காகக் கானா பாடிவந்தவர், ஒரே பாட்டில் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்துபோனார். குப்பத்தில் அந்தப் பாட்டைப் போட்டால் கிழவர்களும் எழுந்து ஆடினார்கள். தங்கள் வலையில் விழும் மீன்களெல்லாம் பட்டுடுத்திக்கொண்டு மாப்பிள்ளை வீடும் பெண் வீடுமாக வந்து நிற்பதை அவர்கள் அதற்கு முன் எந்த ரிகார்டிலும் கேட்டதில்லை. ரயில் பெட்டித் தகரத்தில் பிறந்து எண்ணூரில் செத்துப்போகும் பாட்டுகளுக்கு நெருங்கிய சொந்தம் ஒன்று பிழைத்துக்கொண்டதே என்று எனக்கு அழுகை வந்தது.

நஞ்சியம்மா விஷயம் இன்னும் பெரியது. அட்டப்பாடி மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இருளர் பெண். 2020இல் வந்த 'அய்யப்பனும் கோஷியும்' என்ற மலையாளப் படத்துக்காக, தன் மொழியில் தானே கட்டிய பாட்டைப் பாடினார். 2022இல் அதற்குத் தேசிய விருது அறிவித்தார்கள், அறுபது தாண்டிய வயதில். முறையாகச் சங்கீதம் படிக்காதவருக்கு விருதா என்று சிலர் கேட்டார்கள், பல பெரிய கலைஞர்கள் அவர் பக்கம் நின்றார்கள். அந்தச் சர்ச்சையைப் படித்த அன்று எனக்கு ஒரு பழைய பதில் காதில் விழுந்தது: மைக்கு கெட்டுப்பூடும் ஆயா.

என் மகன் ஒரு தடவை போனில் கியூபாவைப் பற்றி ஒரு படம் காட்டினான். ஹவானாவில் இப்ராஹிம் ஃபெரர் என்று ஒருவர், இளமையில் நன்றாகப் பாடியவர், பிறகு எல்லோரும் மறந்துபோய், எழுபதை நெருங்கும் வயதில் செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். 1996இல் அவரைத் தேடிப் பிடித்து ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனார்கள். மறு வருஷம் வந்த 'புவெனா விஸ்டா சோஷியல் கிளப்' இசைத்தொகுப்பு அவரை உலகமெல்லாம் கொண்டுபோயிற்று. படத்தில் அந்தக் கிழவர் பெரிய மேடையில் நின்று கூட்டத்தைப் பார்க்கிறார். அந்தப் பார்வையில் சந்தோஷத்தைவிட அதிகமாக வேறொன்று இருக்கிறது; இத்தனை பேரும் இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்பது மாதிரி. மகனுக்கு அது சந்தோஷமான படம். நான் பாதியில் எழுந்து வெளியே போய் நின்றேன்.

புகழ் வந்த வேகத்தில் வசதி வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முனியம்மா 2020 மார்ச்சில் இறப்பதற்கு முன் உடம்பு முடியாமலும் கையில் காசில்லாமலும் இருந்ததைச் செய்தியாகப் பார்த்தோம். கருப்பாயிக்கும் முதுமையில் உதவி கேட்டுத்தான் வாழ வேண்டியிருந்தது. ஏரியிலும் அப்படித்தான், பாடு வந்த அன்றைக்கு வலை நிறையும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

எங்கள் பக்கமும் மாறிவிட்டது. அத்திப்பட்டு அனல்மின் நிலையம் வந்தது, 2001இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது, பிறகு காட்டுப்பள்ளியில் இன்னொரு துறைமுகம். நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கித் தரும் திறனோடு ஓர் ஆலை 2010இல் வந்தது, மீஞ்சூர் பேரில்தான் அதை எல்லோரும் சொல்கிறார்கள். கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் சாலையில் இப்போது சைக்கிளில் குழாய் கட்டிக்கொண்டு போக முடியாது. குழாயே இல்லை, கூம்பு ஒலிபெருக்கிக்குத் தடை வந்த பிறகு பெட்டி ஸ்பீக்கர், அப்புறம் டி.ஜே. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்தத் தடை நல்லதுதான், மறுக்க மாட்டேன். 2017இல் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்துக்காகப் 'புறம்போக்கு' பாட்டைப் பாடி, சாம்பலுக்கும் புகைபோக்கிக்கும் நடுவே நின்றதை வீடியோவில் பார்த்தேன். கச்சேரி மேடையின் குரல் எங்கள் சேற்றுக்கு வந்ததில் எனக்குப் பெருமை. அந்தச் சேற்றில் உட்கார்ந்திருந்தவர்களின் குரலும் அப்படி ஒருநாள் அந்தப் பக்கம் போயிருக்கலாமே என்ற நினைப்பும் கூடவே வந்தது.

போன தை மாசம் குப்பத்துக்குப் போயிருந்தேன். இப்போது பாலம் இருக்கிறது, தோணி வேண்டாம். 1986இல் கல்யாணம் ஆன அந்தப் பெண்ணுக்குப் பேத்தி பிறந்து, அந்தப் பேத்திக்கு மஞ்சள் நீராட்டு. பழைய மைக் செட் அண்ணன் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ஆள் உயரப் பெட்டிகள், கலர் லைட்டு, மடிக்கணினி முன்னால் இருபது வயதுப் பையன் ஒருவன், தலைமுடி ஒரு பக்கம் செம்பட்டை. சத்தம் நெஞ்சில் இடித்தது. நலங்கு வைக்கும் நேரம் வந்தபோது அவள் அவனிடம் போய் நின்றாள். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் வாயைத் திறந்து கேட்பதற்கு முன்பே அந்தப் பையன் பாட்டை நிறுத்திவிட்டு, ஒயர் இல்லாத மைக்கை அவள் கையில் கொடுத்து, "சும்மா பாடு ஆயா, எக்கோ வெக்கட்டா?" என்றான். எவ்வளவு சுலபமாகக் கொடுத்தான். இன்னொருவன் போனைத் தூக்கிப் படம் எடுத்தான். துபாயில் இருக்கும் மாமனுக்கு அனுப்பவாம்.

அவள் பாடினாள். முதல் அடி பாடும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அந்த வாயசைவு. இவ்வளவு காலம் சத்தமில்லாமல் என் நினைவில் இருந்த வாய்க்கு அன்றைக்குத்தான் குரல் வந்தது. இரண்டாவது அடியும் வந்தது. மூன்றாவதில் நின்றுவிட்டாள். கண்ணை மூடிப் பார்த்தாள், கையால் காற்றில் தேடினாள், பிறகு மைக்கை வாயிலிருந்து எடுக்காமலேயே கூட்டத்தில் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அடுத்த அடி இன்னாண்ணா? எங்க ஆயா பாடுனப்ப நீதானே பக்கத்துல குந்தினு இருந்தே?"

"தெரியலம்மா" என்றேன். அது மைக்கில் விழவில்லை.

அவள் கொஞ்சம் பொறுத்தாள். மூன்றாவது அடியை வார்த்தை இல்லாமல் ராகமாக மட்டும் இழுத்துவிட்டு, நாலாவதற்குப் போனாள்.